நாய்க்குக்கூடப் பெயர் இருக்கிறது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, குடியாத்தத்துப் பெரியோர்களே, பலமநேரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிற சொந்தக்காரர்களே, வணக்கம்.

"ஓடுகிற ஓட்டத்தில் நாட்டுக்காக உயிர்விட்ட வீரர்களை மறந்துவிட்டோமா, நினைத்துக்கொண்டுதான் இருக்கிறோமா?" இதுதான் தலைப்பு. மறந்துவிட்டோம் என்பது எங்கள் அணி. எதிரணித் தம்பி, ஆகஸ்ட் 15 அன்று தன் தெருவில் எல்லாரும் வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைத்ததை ஆதாரமாகக் காட்டினார். தம்பி, அது 24 மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும். நம் ஞாபகம் எத்தனை நாள் தாங்கும் என்று அந்தக் கம்பெனிக்காரன் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான்!

ஒரு சின்னப் பரீட்சை வைக்கிறேன். 2020-இல் ஐபிஎல் கோப்பை யாருக்கு? பாருங்கள், பின்வரிசைப் பையன்கள் 'மும்பை' என்று கத்துகிறார்கள். சரி, அதே 2020, ஜூன் 15. லடாக் எல்லையில் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்களே, அதில் தமிழ்நாட்டுக்காரர் யார்?

சத்தத்தையே காணோம். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர், ஹவில்தார் பழனி. இறந்த பிறகு வீர் சக்ரா என்ற வீர விருது கொடுத்தார்கள். பையன்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி அந்தப் பெயரைப் பெரியவர்கள் நாம் எங்கே வைத்தோம்?

எதிரணி அம்மா ஒன்று சொன்னார்: "வெளியே காட்டத்தான் நேரமில்லை, மனசுக்குள் இருக்கிறார்கள்." அம்மா, மாடு மேய்த்துப் பிழைத்த நம் முன்னோருக்கு மட்டும் நேரம் கொட்டிக் கிடந்ததா? மாட்டைக் கவர்ந்துபோக வந்தவனை எதிர்த்து ஒருவன் செத்தால், ஊரார் கல் நட்டார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் செத்த வீரனின் பெயர் இருக்கிறது. அதோடு விட்டார்களா? இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற அவன் நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோவிவன்! 1,400 வருஷம் ஆகப்போகிறது, அந்த நாயை இந்த மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

இப்போது வேலூர் லாங் பஜாருக்கு வாருங்கள். மளிகைக்கும் கல்யாணச் சாமானுக்கும் நாம் முட்டி மோதுகிற இடம். அங்கே மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-18 பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். பெயர் கிடையாது, எண்ணிக்கைதான். வெள்ளைக்காரன் தலையை எண்ணிவிட்டுப் போய்விட்டான், விடுங்கள். அவன் போன பிறகாவது நாம் பெயரைத் தேடிச் சேர்த்தோமா? வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற கம்மவான்பேட்டையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, நாம் அந்தக் கல்லுக்குக் கீழே பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து எதிரணித் தலைவர் வருகிறார். அந்த 14 பேரில் ஒருவர் பெயரை மட்டும் அவர் சொல்லட்டும். சொல்லிவிட்டால் தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.