மரபணு இருக்கிறது, புரதத்தைத்தான் காணோம்

வணக்கம் நேயர்களே. கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. என்ற வைரஸ், நம் செல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்று பேசப் போகிறேன். 16, 18 ஆகிய இரண்டு வகைகள்தான் மிகவும் பொல்லாதவை.

இதன் டிஎன்ஏ ஏறத்தாழ 8,000 எழுத்து நீளம்தான். அதைப் பெருக்கும் நொதி இதனிடம் கிடையாது, நம் செல்லுடையதைத்தான் எடுத்தாக வேண்டும். பிரிவதை நிறுத்திவிட்ட செல்லில் அந்தச் சரக்கு இருக்காதே! அதனால் செல்லை மறுபடியும் பிரியவைக்கப் பார்க்கிறது வைரஸ்.

எந்த மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறோம். ஈ2எஃப் அதில் ஒன்று. செல் பிரிவதற்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பும். ஆர்பி என்ற புரதம் அதைக் கட்டிப்போட்டிருக்கும். வைரஸின் ஈ7 புரதம், 16ஆம் வகையில் வெறும் 98 அமினோ அமிலம், ஆர்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். கட்டு அவிழும், ஈ2எஃப் கிளம்பிவிடும்.

இப்படி முறைதவறிப் பிரியும் செல்லை நிறுத்துவதும், மிஞ்சினால் சாகடிப்பதும் பி53. அதுவும் ஒரு படியெடுப்புக் காரணிதான். வைரஸின் ஈ6 அதைத் தானே அழிப்பதில்லை. செல்லுக்கே சொந்தமான ஈ6ஏபி என்ற புரதத்தைக் கூட்டிவந்து, பி53 மேல் யுபிக்விடின் என்ற சீட்டை ஒட்டவைக்கும். சீட்டு விழுந்ததைச் செல்லின் அரவை எந்திரமான புரோட்டியசோம் நறுக்கிவிடும்.

1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றும் ஆய்வகங்களில் வளர்கின்றன. உள்ளே இருப்பது 18ஆம் வகை. அவற்றில் பி53 மரபணு பழுதில்லாமல் இருக்கிறது. புரதத்தைத் தேடினால் மட்டும் கண்ணில் படுவதே அரிது. எம்ஜி132 என்ற பொருளைச் சில மணி நேரம் கொடுத்து அரவையை நிறுத்திப் பாருங்கள், புரதத்தைக் காட்டும் சோதனையில் பி53 ஒரு பட்டையாகத் தெரியும். மறுபடியும் சொல்கிறேன்: மரபணு இருக்கிறது, புரதத்தைத்தான் காணோம். மரபணுவை மட்டும் படித்துவிட்டு 'எல்லாம் சரி' என்று எழுதினால் தப்பாகிவிடும்.

நேரம் நெருங்கிவிட்டது, மீதியைச் சுருக்கிவிடுகிறேன். ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கிவைப்பது வைரஸின் ஈ2 புரதம். வைரஸின் டிஎன்ஏ நம் டிஎன்ஏவுக்குள் செருகிக்கொள்ளும்போது பெரும்பாலும் ஈ2 மரபணுதான் உடைகிறது. அடக்க ஆளில்லாமல் போகிறது. தடுப்பூசி, வைரஸின் மேலோட்டுப் புரதமான எல்1-ஐத்தான் உடலுக்குக் காட்டுகிறது. ஏற்கெனவே ஈ6, ஈ7 வேலை செய்யும் செல்லை அது தொடாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். போட்டுக்கொண்டாலும் உரிய வயதில் கருப்பைவாய்ப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். வணக்கம்.