கொடுப்பவர் முகம் தெரிய வேண்டாம்

"ஜெப ஆலயத்தில் வசூலாகும் தர்மப் பணம் யூதர்களுக்கு மட்டும்தானா, வெளியாருக்கும் போகுமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். வேற்று இனத்துப் பெண்ணான ரூத், போவாஸ் என்ற யூதரின் வயலில் கதிர் பொறுக்கிய பைபிள் கதையை முன்பு சொன்னேன் அல்லவா, அதைக் கேட்டபோது வந்த சந்தேகமாம். கொஞ்சம் குத்தலான கேள்விதான், ஆனாலும் நியாயமானது.

வெளியாருக்கும் போகும். யூத ஏழைகளோடு சேர்த்துப் பிற இனத்து ஏழைகளையும் தாங்க வேண்டும், அவர்களில் நோயாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும், இறந்தவர்களை அடக்கம் செய்ய வேண்டும் என்று யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. காரணம்? ஊரில் சமாதானம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கருணை, அன்பு என்று அந்த இடத்தில் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. எனக்கு அது பிடிக்கும். உன் ஊர் ஏழைக்குத்தான் முதலில் என்ற விதியும் கூடவே உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கல்கத்தாவைப் பாருங்கள். பாக்தாத்திலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் 1881-இல் தங்கள் பெண் குழந்தைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார்கள். சுதந்திரத்தை ஒட்டி அந்தச் சமூகம் இஸ்ரேல், இங்கிலாந்து என்று கிளம்பிப் போனது. பள்ளி நிற்கவில்லை. யூதப் பெண்கள் பள்ளி என்ற பெயரிலேயே இன்றும் நடக்கிறது, படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவிகள்! அங்குள்ள ஜெப ஆலயங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரிப்பவர்களும் முஸ்லிம்கள்தான். அப்புறம், நியூ மார்க்கெட்டில் நஹூம்ஸ் என்று 1902-இல் தொடங்கிய யூதக் குடும்பத்து பேக்கரி ஒன்று உண்டு. கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊரே அங்கே வரிசையில் நிற்கும். இது தர்மக் கணக்கில் வராது, வாயில் வந்துவிட்டது, சொல்லிவிட்டேன்.

ஆனால் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதைவிட எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். அந்தக் காலத்து யூத ஊர்களில் ஏழைகளுக்கென்று பொது உண்டியல் ஒன்று இருந்தது. வாரம் ஒரு முறை, ஓய்வுநாளுக்கு முன்னால், அதிலிருந்து காசு கொடுப்பார்கள். ஒரு வாரத்துக்கான பதினான்கு வேளைச் சாப்பாடு கையில் உள்ளவன் அதை வாங்கக் கூடாது. வசூலிக்கப் போவது இரண்டு பேர், பங்கிட உட்காருவது மூன்று பேர். யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது ஒரு தீர்ப்பு, அதனால் வழக்கு விசாரிக்கிற மாதிரி மூவர் வேண்டும். ஆனால் பசி என்று வந்து நிற்பவனை விசாரிக்கக் கூடாது, முதலில் சோறு. துணி கேட்டால் விசாரிக்கலாம்.

எப்போதும் சொல்வதுதான், மறுபடி சொல்கிறேன்: வாங்குகிறவன் கூசக் கூடாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்தார். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பது மேலிருந்து இரண்டாவது படி. அதற்கும் மேலே ஒன்றுதான்: கடனோ வேலையோ கூட்டு வியாபாரமோ கொடுத்து, அந்த ஆள் மறுபடி கையேந்தாமல் செய்வது.

தல்மூதில் வரும் மார் உக்வா என்ற அறிஞரின் கதை இதற்குத்தான். பக்கத்து வீட்டு ஏழை ஒருவனுக்குத் தினமும் நாலு காசைக் கதவுக் குடுமி சுழலும் குழியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். யார் இந்தப் புண்ணியவான் என்று பார்க்க ஒருநாள் அந்த ஏழை காத்திருந்தான். அன்று மார் உக்வாவோடு அவர் மனைவியும் கூட வந்திருந்தார். கதவு அசைந்ததும் அவன் வெளியே வர, இருவரும் ஓடிப்போய் ஒரு பெரிய அடுப்புக்குள் ஒளிந்தார்கள். நெருப்பை அள்ளிவிட்டிருந்தார்கள், சூடு இருந்தது. அவர் கால் சுட்டது, அந்த அம்மாவுக்குச் சுடவில்லை. "உங்கள் காலை என் கால்மேல் வையுங்கள்" என்றார். தனக்கு அந்தப் பாக்கியம் இல்லையே என்று இவருக்கு மனசு ஒடிந்துவிட்டது. அதற்கு அந்த அம்மா, "நான் வீட்டில் இருப்பவள். நான் கொடுப்பது உடனே வயிற்றுக்குப் போகிறது" என்றாராம். காசை வாங்கியவன் கடைக்குப் போய்ச் சமைத்தால்தானே சோறு!

கவனித்தீர்களா, அந்த அம்மா வாசலில் நின்று முகம் பார்த்தல்லவா கொடுத்திருப்பார்? என் வாதத்துக்கு எதிராகவே போகிறது இந்தக் கதை. இருந்தாலும் விட மனம் வரவில்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.