கூடத்துச் சுவரில் சாய்ந்த படம்

அவையோருக்கு வணக்கம். எங்கள் பாட்டனார் வீட்டுக் கூடத்தில், உத்தரத்தை ஒட்டி முன்பக்கம் சாய்ந்தபடி ஒரு குடும்பப்படம் தொங்கும். சட்டத்தின் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும். அந்தப் படத்தில் பளிங்குத் தூண்கள், படிக்கட்டு, தூரத்தில் ஒரு ஏரி. இதெல்லாம் நம்மூரில் எங்கே இருக்கிறது என்று சிறுவயதில் நான் தேடி அலைந்ததுண்டு. அது ஸ்டுடியோக்காரரின் திரைச்சீலை என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்து ஊர்க்காரர் வீட்டிலும் அதே ஏரி!

1839ல் பாரிஸில் நிழற்படக்கலை அறிவிக்கப்பட்டபோது அது பணக்காரர் சமாச்சாரம். 1854ல் திஸ்தேரி என்பவர், ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார், விலை இறங்கியது. நம் ஊர்களிலும் ஸ்டுடியோக்கள் பெருகின. தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேர்த்திருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள்.

எங்கள் படத்துக்கு வருகிறேன். நாற்காலியில் பாட்டனார்: கோட்டு, தலைப்பாகை, பக்கத்து மேசையில் கடிகாரம், தடித்த புத்தகம். அவருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும்! கோட்டும் கடிகாரமும் ஸ்டுடியோவுடையவை. ஆனால் பாதங்களைப் பாருங்கள். பூப்போட்ட விரிப்பின் மேல் வெறுங்கால். வெடித்த குதிகால், அகன்ற விரல்கள். சேற்றில் உழுத கால் அது. அதற்கு மாட்டிவிட ஸ்டுடியோக்காரரிடம் ஒன்றும் இருக்கவில்லை போலும்.

பாட்டி நின்றுகொண்டிருக்கிறார். ஒட்டியாணம் தெரியும்படி முந்தானையை ஒதுக்கி விட்டிருக்கிறார்கள். கெம்பு அட்டிகை மட்டும் வேறு மாதிரி மின்னும். உற்றுப் பார்த்தால் அது தூரிகையால் தீட்டியது. பாட்டனார் மடியிலிருந்த குழந்தைக்குத் தலையே இல்லை, அசைந்ததில் வெறும் புகை. அசையாமல் இரு என்று அதற்கு யார் சொல்வது?

இத்தனை பேர் இருந்தும் ஒருத்தியைக் காணோம். பாட்டனாரின் தங்கை, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அந்த வீட்டின் அடுப்படி முழுக்க அவர் கையில்தான் இருந்தது. படமெடுக்கக் கிளம்பிய வண்டியில் அவரை மட்டும் ஏற்றவில்லை. குடும்பப்படம் என்று இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நாக்கு கூசும்.

அட்டையின் பின்புறம் ஸ்டுடியோவின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கிறது. படத்தில் இருப்பவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும். மூத்தவர் யாராவது இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். மெல்லப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முகத்துக்கு வந்துவிடும்.