யாருக்காகப் பயப்படறோம்?

வணக்கம் நேயர்களே. தலைமையும் தைரியமும், இதைப் பத்திப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்காங்க. இந்த ரெண்டு வார்த்தையும் ஒண்ணா காதுல விழுந்தாலே நம்ம மனசுல ஒரு உருவம் வந்து நின்னுடும், நிமிர்ந்த நெஞ்சு, கணீர்னு ஒரு குரல், என்ன வந்தாலும் அசராத ஒரு ஆள். அந்த உருவத்தை ஓரமா வெச்சுட்டு இதைக் கேளுங்கன்னு கேட்டுக்கறேன். ஏன்னா டீம் நடத்துறவங்க, பள்ளிக்கூடம் நடத்துறவங்க, சின்னதா ஒரு அமைப்பை இழுத்துட்டுப் போறவங்கன்னு நிறைய பேர்கூட உக்காந்து பேசியிருக்கேன், அதுல நல்லாத் தெரிஞ்சது என்னன்னா அந்த உருவத்தோட தன்னை ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் பாதிப் பேர் ஒதுங்கிடறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள உதறுது, அப்ப நான் இதுக்கு லாயக்கில்லன்னு தாங்களே முடிவு பண்ணிடறாங்க.

1956 ஜனவரி 27, அமெரிக்காவுல மான்ட்கோமரின்னு ஒரு ஊரு. அங்க பஸ்ல கறுப்பின மக்களை பின்னாடி உக்கார வைக்கிற முறையை எதிர்த்து பஸ் புறக்கணிப்பு நடந்துட்டு இருந்த நேரம். அதை முன்னாடி நின்னு நடத்தினவர் மார்ட்டின் லூதர் கிங், வயசு 27தான். அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சு வீட்டு போன் அடிக்குது, எடுத்தா ஊரை விட்டுப் போகலன்னா உன்னையும் உன் வீட்டையும் தூள் ஆக்கிடுவோம்னு மிரட்டல். மிரட்டல் அவருக்குப் புதுசு இல்ல, ஆனா அன்னைக்கு ஏனோ தாங்க முடியல. மனைவியும் கைக்குழந்தையும் உள்ள தூங்கறாங்க. இவர் எழுந்து போய் காபி போட்டுட்டு சமையலறை மேஜைல உக்காந்துட்டார், தன் மேல கோழைன்னு பேர் வராம இதுலேர்ந்து எப்படி நழுவறதுன்னு யோசிச்சாராம். இதை நான் சொல்லல, பின்னாடி அவரே சொன்னது. அப்புறம் வாய்விட்டுப் பிரார்த்தனை பண்றார். எனக்கு பயமா இருக்கு, ஜனங்க என்னை நம்பி நிக்கறாங்க, நான் பலமில்லாம அவங்க முன்னாடி போய் நின்னா அவங்களும் தளர்ந்துடுவாங்க, என்கிட்ட இனிமே ஒண்ணும் மிச்சம் இல்லன்னு.

இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்திக் கவனிக்கணும். அந்தப் பிரார்த்தனைக்குள்ளயே ஒரு திருப்பம் இருக்கு. ஆரம்பத்துல இருந்த பயம் எனக்கு என்ன ஆகும்ங்கற பயம், அது அவரை வெளியே போற வழியைத் தேட வெச்சுது. அடுத்து வந்த பயம் நான் தளர்ந்தா அவங்களுக்கு என்ன ஆகும்ங்கறது. பயம் குறையல, அதே பயம்தான், ஆனா யாருக்காகப் பயப்படறோம்ங்கறது மாறிடுச்சு. இன்னைக்கு நான் பேச வந்ததே இந்த ஒரு விஷயத்தைத்தான்.

மூணு நாள்ல, ஜனவரி 30ஆம் தேதி, அவர் ஒரு கூட்டத்துல பேசிட்டு இருக்கும்போது வீட்டுல நிஜமாவே குண்டு வெடிச்சுது. உள்ள இருந்த மனைவிக்கும் குழந்தைக்கும் நல்லவேளை ஒண்ணும் ஆகல. இவர் ஓடி வந்து பார்த்தா வாசல்ல கோபத்துல கொதிக்கிற பெரிய கூட்டம், சில பேர் கைல ஆயுதம். தன் குடும்பத்தைக் கொல்லப் பார்த்த அந்த ராத்திரில, உடைஞ்ச வீட்டோட வாசல்ல நின்னுட்டு, ஆயுதத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, பதிலுக்குப் பதில் வேண்டாம்னு சொல்லி அனுப்பி வெச்சார். அன்னைக்கு அவர் வாயிலேர்ந்து வேற மாதிரி ஒரு வார்த்தை வந்திருந்தா தெருவுல ரத்தம் ஓடியிருக்கும், மொத்தப் போராட்டமும் அங்கயே முடிஞ்சிருக்கும். அது 381 நாள் நடந்து ஜெயிச்சது.

இதைக் கேட்டுட்டு அந்த ராத்திரியோட அவருக்கு பயமே போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் கேட்டு அப்ளை பண்ணினவர் அவர், குடும்பஸ்தன் வேற என்ன பண்ணுவான். லைசென்ஸ் கிடைக்கல, பின்னாடி ஆயுதமே வேண்டாம்னு அவரே முடிவு பண்ணினார். இந்த விவரத்தை மறைக்காம சொல்லணும்னு நான் நினைக்கறேன், ஏன்னா பெரிய மனுஷங்க கதையிலேர்ந்து பயத்தைச் சுத்தமா துடைச்சுட்டுச் சொல்றது கேக்கறவங்களுக்குப் பண்ற அநியாயம். அதே புறக்கணிப்புக்குக் காரணமா இருந்த ரோசா பார்க்ஸ் அம்மாவைக்கூட, பாவம் வேலை முடிஞ்சு களைச்சுப் போய், வெள்ளைக்காரருக்கு இடம் விடச் சொன்னப்ப சீட்டை விட்டு எந்திரிக்கலன்னு சொல்லிடுவாங்க, ஆனா அவங்க 1943லேர்ந்தே உரிமை இயக்கத்துல வேலை செஞ்சுட்டு வந்தவங்க, 1955 கோடைல அதுக்காகவே ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிட்டு வந்தவங்க. டிசம்பர் 1ஆம் தேதி பஸ்ல காட்டின தைரியத்துக்குப் பின்னாடி பன்னிரண்டு வருஷப் பழக்கம் இருக்கு. தைரியம் பிறவிக் குணம்னு சொல்றவங்ககிட்ட நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

சரி, இதுக்கு நேர் எதிரா, பயம் தன்னைப் பத்தியே இருந்துட்டா என்ன ஆகும்னு பார்க்கலாம். 1986 ஜனவரி 27 ராத்திரி. மறுநாள் காலைல சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பணும், ஊருல கடுமையான குளிர். ராக்கெட்டோட பூஸ்டரைத் தயாரிச்ச கம்பெனி இன்ஜினியருங்க போன் மீட்டிங்ல கெஞ்சாத குறையா சொல்றாங்க, பூஸ்டரோட இணைப்புல இருக்கற ரப்பர் வளையம் குளிர்ல விறைச்சுப் போகும், சூடான வாயு வெளியே கசியும், 12 டிகிரிக்குக் கீழ நாம இதைப் பறக்க விட்டதே இல்ல, வேண்டாம். நாசா பக்கம் அதிகாரிங்களுக்கு இது பிடிக்கல, ஏற்கனவே பல தடவை தள்ளிப்போன பயணம். கம்பெனியோட மேனேஜருங்க கொஞ்ச நேரம் தனியாப் பேசறோம்னு லைனை விட்டு விலகினாங்க, அங்க மேல இருந்த ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்து, இன்ஜினியர் தொப்பியைக் கழட்டிட்டு மேனேஜ்மென்ட் தொப்பியைப் போட்டுக்கோன்னு சொன்னார். அவ்வளவுதான், முடிவு மாறிடுச்சு. மறுநாள் கிளம்பின 73 செகண்ட்ல ஓடம் சிதறி உள்ள இருந்த ஏழு பேரும் போயிட்டாங்க.

அந்த ரூம்ல இருந்தவங்க யாரும் கொடூரமான ஆளுங்க இல்ல. அவங்களுக்கும் பயம் இருந்துது, ஆனா அது கான்ட்ராக்ட் போயிடுமோ, பெரிய கஸ்டமர் கோவிச்சுக்குவாங்களோ, தள்ளிப் போட்ட பழி நம்ம மேல விழுமோன்னு தன்னைச் சுத்தியே வந்த பயம். அதை யாரும் பயம்னு சொல்லல, சொல்ல மாட்டாங்க, அது எப்பவும் "ப்ராக்டிக்கலா யோசிக்கணும்"ங்கற பேர்லதான் ரூமுக்குள்ள வரும். நான் பார்த்த வரைக்கும் தலைமைல இருக்கறவங்க பண்ற பெரிய தப்பு முக்கால்வாசி இப்படித்தான் நடக்குது, பயந்து ஓடறதால நடக்கறது கம்மி, பயத்தை ஒத்துக்காம அதை உறுதின்னு நினைச்சுக்கறதால நடக்கறதுதான் ஜாஸ்தி.

இதுல இன்னொண்ணு, மேல இருக்கறவர் பயமே இல்லாத மாதிரி நடிச்சா கீழ இருக்கறவங்க உண்மையைச் சொல்ல மாட்டாங்க. ஹார்வர்ட்ல ஏமி எட்மண்ட்சன்னு ஒரு பேராசிரியை, 1990கள்ல ஆஸ்பத்திரி டீம்களை ஆராய்ச்சி பண்ணினப்ப, நல்லா ஒத்துமையா வேலை செய்யற டீம்ல மருந்து கொடுக்கறதுல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்தாங்க. கணக்கைப் பார்த்தா தலைகீழா இருக்கு, நல்ல டீம்லதான் தப்பு ஜாஸ்தியா பதிவாகியிருக்கு. தோண்டிப் பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சது, அங்க தப்பு நடந்தா பயப்படாம வெளியே சொல்றாங்க, மத்த இடத்துல அமுக்கிடறாங்க. உங்க மேஜைக்கு கெட்ட செய்தியே வர்றதில்லன்னா தயவுசெஞ்சு சந்தோஷப்படாதீங்க, உங்க முகத்தைப் பார்த்து யாரோ ஒருத்தர் வாயை மூடிட்டுத் திரும்பிப் போயிருக்கார்னு எடுத்துக்கோங்க.

அதுக்காக பயத்தை எல்லாம் டீம் முன்னாடி கொட்டிடறதா நேர்மை? இந்தக் கேள்வி எப்பவும் வரும், நியாயமான கேள்விதான். அன்டார்டிகாவுல 1915ல, ஆய்வுப் பயணம் போன ஷேக்கிள்டன்ங்கற தலைவரோட கப்பல் எண்டூரன்ஸ் பனிக்கட்டில மாட்டி நொறுங்கி நவம்பர்ல மூழ்கிடுச்சு, அவரோட சேர்த்து 28 பேர் பனி மேல நிக்கறாங்க. அந்த மனுஷன் தன் கலக்கத்தைக் கூட்டத்துல புலம்பல. ஆனா பயம் எங்கேர்ந்து பரவும்னு தெரிஞ்சு வெச்சிருந்தார், அதனால ரொம்ப முணுமுணுக்கற ஆளுங்களைத் தள்ளி வைக்காம தன் கூடாரத்துலயே தன் பக்கத்துலயே படுக்க வெச்சுக்கிட்டார். பின்னாடி சின்னப் படகுல கடலைக் கடக்கும்போது ஒருத்தருக்கு உடம்பு முடியலன்னு கண்ணுல பட்டா, எல்லாருக்கும் சூடா குடிக்க ஏதாவது கொடுங்கன்னு சொல்வாராம், தனக்காகத்தான்னு அந்த ஆளுக்குத் தெரியக்கூடாதுன்னு, தெரிஞ்சா அவன் நம்பிக்கை இன்னும் உடைஞ்சு போகும்னு. 1916 ஆகஸ்ட் 30ஆம் தேதி கடைசி ஆள் வரைக்கும் அந்த 28 பேரும் உயிரோட காப்பாத்தப்பட்டாங்க. நேர்மைன்னா மனசுல இருக்கறதை அப்படியே வாந்தி எடுக்கறதுன்னு இல்ல, நிலைமையைப் பத்திப் பொய் சொல்லாம இருக்கறது, பொறுப்பைப் பத்தியும் பொய் சொல்லாம இருக்கறது.

பொறுப்புன்னு சொன்னதும் எனக்கு ஞாபகம் வர்றது ஒரு துண்டுச் சீட்டு. 1944 ஜூன் 5, ரெண்டாம் உலகப் போர் நேரம், மறுநாள் பிரான்ஸ்ல நார்மண்டி கடற்கரைல லட்சத்துக்கும் மேல நேச நாட்டு வீரர்கள் இறங்கப் போறாங்க, ஐசன்ஹோவர்தான் அவங்களுக்குத் தலைமைத் தளபதி. தோத்துட்டா வெளியிட ஒரு அறிக்கையைத் தன் கைப்பட எழுதி பர்ஸ்ல வெச்சுக்கிட்டார். வீரர்கள் அவங்களால முடிஞ்சதை எல்லாம் செஞ்சாங்க, இந்த முயற்சில ஏதாவது குத்தம் இருந்தா அது என் ஒருத்தனோடதுதான்னு அதுல இருக்கு. தேதியைக்கூட ஜூலை 5ன்னு மாத்திப் போட்டிருக்கார், அவ்வளவு அழுத்தம் மனசுல. எழுதும்போது முதல்ல படைகள் திரும்பப் பெறப்பட்டனங்கற மாதிரி எழுதிட்டு, அதை அடிச்சுட்டு, நான் திரும்பப் பெற்றேன்னு மாத்தியிருக்கார். அன்னைக்கு சாயங்காலம் விமானத்துல போய்க் குதிக்க இருந்த பசங்க நடுவுல போய் நின்னு, ஊரு எது தம்பிங்கற மாதிரி பேசிட்டு வந்தார், அதுல பாதிப் பேர் திரும்பி வரமாட்டாங்கன்னு சில அதிகாரிங்க எச்சரிச்சிருந்த நேரம் அது. அந்தச் சீட்டு தேவைப்படல. ஆனா தேவைப்படாத அந்தச் சீட்டைத்தான் நான் தலைமைக்கு அடையாளமா நினைக்கறேன், ஜெயிச்ச அறிவிப்பை யார் வேணா எழுதலாம்.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். கஷ்டம் வந்தா மனுஷன் தானா பக்குவப்படுவான்னு சொல்றாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அடிபட்டு அடிபட்டு இறுகிப்போய், நான் பட்டேன் நீயும் படுன்னு மத்தவங்களை வதைக்கிறவங்களும் அதே கஷ்டத்துலேர்ந்துதான் வர்றாங்க. என்ன வித்தியாசம்னா, பட்ட கஷ்டத்தை வெச்சு அடுத்தவனோட பயத்தை அடையாளம் கண்டுக்கறோமா இல்லையாங்கறதுதான். வேலை போய்த் தவிச்ச ஒருத்தர் மேலாளர் ஆனதுக்கப்புறம், ஆளைக் குறைக்கிற நாள்ல அந்த நியூஸை மெயில்ல அனுப்பாம நேர்ல உக்காந்து சொல்றார்னா, அவர் பட்டது வீண் போகல.

செய்யறதுக்குன்னு கேட்டா, பயம் வரும்போது அதுக்குப் பேர் வைங்க, எனக்கு இப்ப இதுதான் பயம்னு ஒரு வரி எழுதுங்க. உணர்ச்சிக்கு வார்த்தை கொடுத்தா மூளைல அபாய மணி அடிக்கிற பகுதி கொஞ்சம் அடங்குதுன்னு 2007ல மூளை ஸ்கேன் வெச்சே காட்டியிருக்காங்க. எழுதின வரியைப் பாருங்க, அதுல நான், என் பேரு, என் பதவின்னு மட்டும் இருந்தா அந்த நேரத்துல பெரிய முடிவு எதையும் எடுக்காதீங்க, கொஞ்சம் தள்ளிப் போடுங்க, இதனால பாதிக்கப்படப் போறவங்க யாராவது ஒருத்தர்கிட்ட போய்ப் பேசுங்க. அப்புறம் அடுத்த மீட்டிங்ல, என்கிட்ட சொல்லத் தயங்கற விஷயம் ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டு அமைதியா இருங்க, முதல்ல யாரும் பேச மாட்டாங்க, அந்த மௌனம் சங்கடமா இருக்கும், நீங்களே பேசி அதை நிரப்பிடாதீங்க. யாராவது ஒருத்தர் தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார், அவர் முடிக்கிற வரைக்கும் உங்க முகம் மாறாம பார்த்துக்கோங்க. அவர் சொன்னது உங்களைப் பத்தின குறையாவே இருந்தாலும் நன்றி சொல்லிட்டு, என்ன பண்ணப் போறோம்னு அந்த வாரத்துக்குள்ளயே பதில் சொல்லிடுங்க.

நன்றி, வணக்கம்.