இரண்டேகால் மீட்டர் முன்னால்

வணக்கம் மக்களே. ஹாலில் ஒரே சத்தம், அதனால் இன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறேன். கையில் இருப்பது என்ன என்று தெரிகிறதா? ஸ்டாப்வாட்ச். இதை அமுக்கி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறேன், பாருங்கள். டக்... டக். 0.14. இன்னொரு முறை. 0.11. சரி, என் விரலால் முடிந்தது இவ்வளவுதான்.

இப்போது கேளுங்கள், சீன நீச்சல் வீரர் பான் ஷான்லேயின் கதை இது. ஆண்களுக்கான 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 2009ஆம் ஆண்டு ரோமில் பிரேசிலின் செசார் சியேலோ 46.91 விநாடியில் நீந்தி உலக சாதனை வைத்தார். அது பாலியூரிதேன் நீச்சலுடைக் காலம். உடம்பைத் தண்ணீர் மேலே தூக்கிப் பிடிக்கும் உடை அது. 2010இல் அந்த உடைக்கே தடை வந்துவிட்டது. அதனால் சாதனை அப்படியே கல்லாகக் கிடந்தது. 2022இல் அதே ரோம் குளத்தில் ருமேனியாவின் டேவிட் போபோவிச் 46.86 எடுத்தார். பதின்மூன்று வருடத்தில் சாதனை நேரம் 0.05 விநாடிதான் குறைந்தது. நான் பொத்தானை அமுக்கி எடுப்பதில் பாதி கூட இல்லை.

அப்புறம்தான் வருகிறார் நம் ஆள், பான் ஷான்லே. சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில் வென்சோ என்ற ஊர், 2004இல் பிறந்தவர். 2023 ஆசிய விளையாட்டு அவருடைய மாகாணத்திலேயே, ஹாங்சோவில் நடந்தது. சொந்த ஜனங்களுக்கு முன்னால் 46.97. ஆசியாவில் 47க்குக் கீழே போன முதல் ஆள் இவர்தான். 2024 பிப்ரவரியில் தோஹா உலகப் போட்டியில், ரிலேயின் முதல் ஆளாக இறங்கி 46.80. உலக சாதனை.

ரிலேயில் எடுத்தது எப்படிச் சாதனையாகும் என்று கேட்பீர்கள். முதல் ஆள் மட்டும் தனிநபர் போட்டி மாதிரியே சிக்னல் கேட்டுக் குதிக்கிறார், அதனால் அவர் நேரம் செல்லும். இரண்டாம் ஆளிலிருந்து, முன்னவர் சுவரைத் தொட வருவதைப் பார்த்துக்கொண்டே உடம்பை முன்னால் சாய்த்துவிடலாம். அதில் அரை விநாடிக்கு மேல் கூட மிச்சமாகும். அதனால் அது கணக்கில் வராது. இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வருவோம். லா டிஃபான்ஸ் அரங்கத்தில் போட்ட தற்காலிகக் குளம், ஆழம் 2.15 மீட்டர். மூன்று மீட்டர் இருந்தால் நல்லது என்பார்கள். ஆழம் குறைந்தால் கிளம்பும் அலை தரையில் பட்டுத் திரும்பி வந்து நீந்துபவரையே இழுக்கும். "ஸ்லோ பூல்" என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். ஜூலை 31 வரை ஓர் உலக சாதனை கூட இல்லை.

அன்று இரவு இறுதிப் போட்டி. நான்காவது லேனில் பான். முதல் 50 மீட்டரை 22.28க்குத் திரும்பினார். நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தேன், ஏனென்றால் இப்படித் தொடங்குகிறவர்கள் கடைசிப் பதினைந்து மீட்டரில் கை கால் மரத்துப்போய்த் தவிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். போட்டியில் ஆஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் வேறு. அவர் இரண்டாம் பாதியில் ஆளை விழுங்குகிறவர். ஆனால் அன்றைக்கு விழுங்க ஆள் அருகில் இல்லை. 46.40. சால்மர்ஸ் 47.48, போபோவிச் 47.49. இரண்டாம் மூன்றாம் இடத்துக்கு நடுவே 0.01, முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே 1.08. அந்த வேகத்தில் 1.08 விநாடி என்றால் கிட்டத்தட்ட இரண்டேகால் மீட்டர். ஓர் ஆள் நீளத்துக்கும் மேல்! இந்தப் போட்டியில் இவ்வளவு இடைவெளி 1928க்குப் பிறகு இல்லை. இதில் தங்கம் வென்ற ஆசியரும் 1932இல் ஜப்பானின் மியாசாகிக்குப் பிறகு இவர்தான்.

பேச்சும் உடனே கிளம்பியது. ஓர் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர், மனிதனால் முடியாது என்றே சொன்னார். 2021இல் 23 சீன வீரர்களுக்குத் தடைசெய்த மருந்து பாசிட்டிவ் வந்ததும், ஹோட்டல் சமையலறையிலிருந்து கலந்தது என்ற விளக்கத்தை உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு ஏற்றதும் சில மாதம் முன்புதான் வெளியே வந்திருந்தன. அந்தப் பட்டியலில் பான் இல்லை. மே முதல் ஜூலை வரை 21 முறை சோதித்தார்கள், எல்லாமே நெகட்டிவ் என்றார் அவர். சந்தேகப்படுவது தப்பில்லை, ஆனால் சந்தேகத்தையே ஆதாரம் மாதிரி பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயித்த கையோடு பான் இன்னொன்றும் சொன்னார்: நீச்சல் போட்டிகள் தொடங்கிய அன்று ரிலே முடிந்து சால்மர்ஸுக்கு வணக்கம் வைத்தேன், கண்டுகொள்ளவில்லை என்று. சால்மர்ஸ் இல்லவே இல்லை என்றார். இருபது வயது நிரம்பாத பையன், மனதில் வைத்துக்கொண்டே நீந்தியிருக்கிறான் பாருங்கள்!

நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 4, அவர் பிறந்தநாள். நால்வர் ஆளுக்கு ஒரு பாணியில் நீந்தும் 4x100 மெட்லி ரிலே. 1960இல் இது ஒலிம்பிக்கில் வந்ததிலிருந்து, புறக்கணித்த 1980ஐத் தவிர, அமெரிக்கா தோற்றதே இல்லை. கடைசி ஆளாகப் பான் குதிக்கும்போது சீனா மூன்றாவது. பிரான்ஸும் அமெரிக்காவும் முன்னால், அரங்கம் முழுக்கப் பிரெஞ்சுக் கூச்சல். பான் 45.92. தங்கம். இந்த 45.92 சாதனைப் புத்தகத்தில் வராது, காரணம் மேலே சொன்னதுதான்.

பிறகு 2025 ஜூலை, சிங்கப்பூர் உலகப் போட்டி. அரையிறுதியில் 47.81. இறுதிக்கே வரவில்லை. நான் நேரத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று இரண்டு முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து பார்ப்பவர்கள் யாராவது அன்று நேரில் இருந்திருந்தால் கமென்டில் எழுதுங்கள், அரங்கத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரிய ஆசை. மறுநாள் ஜூலை 31. பாரிஸ் முடிந்து சரியாக ஒரு வருடம். போபோவிச் ஜெயித்தார், 46.51.

பானுடைய 46.40 இன்னும் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு? இதோ, ஸ்டாப்வாட்சை இன்னும் அழிக்கவில்லை. 0.11.