பூ மூட்டை ரயிலுக்குக் காத்திருக்காது

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, அக்கா அவர்களே, பங்குனிப் பொங்கலுக்கு வந்து பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"கிராமப்புறத்துக்கு அரசு முதலில் பணம் ஒதுக்க வேண்டியது சாலை மேம்பாட்டுக்கா, ரயிலுக்கா?" இதுதான் இன்றைய தலைப்பு. நான் சாலைக்காகப் பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ரயிலை வர்ணித்த அழகு இருக்கிறதே! ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி வளைந்து வரும்போது ஜன்னலோரம் காற்று வாங்குகிற சுகத்தைச் சொன்னார். கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ரயில் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் தலைப்பு அது இல்லையே. நம் சட்டைப்பையில் இருப்பது ஒரே ஒரு நோட்டு. அதை எந்தக் கடையில் முதலில் நீட்டுவது? அதுதான் கேள்வி.

நம்ம போடி ரயிலையே எடுத்துக்கொள்வோம், அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டாம். 1928-ல் வந்த மீட்டர் கேஜ் பாதை. 1942-ல், உலகப்போர் நேரத்தில், தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரம் வந்த பிறகுதான் திரும்பப் போட்டார்கள். அப்புறம் 2010 டிசம்பர் கடைசியில் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று சொல்லி ரயிலை நிறுத்தினார்கள். தேனி வரைக்கும் வண்டி வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. ஒரு கணக்குப் போடுங்கள். 2011 ஜூனில் போடியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, ஒரு வகுப்பிலும் தவறாமல் படித்து, பிளஸ் டூ பரீட்சை எழுதி, ரிசல்ட்டும் வந்து, அதற்கு அடுத்த மாதம்தான் ரயிலைப் பார்த்தது. பள்ளிக்கூடக் காலம் முழுக்க அந்தப் பிள்ளையைச் சுமந்தது எது? டவுன் பஸ். அந்தப் பஸ் எதன் மேல் ஓடியது?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, நடுவர் அவர்களே. சாலை போடும்போது பாதியை மூடிவிட்டு மறுபாதியில் வண்டியை விடுவார்கள். ஜல்லியில் குலுங்கிக் குலுங்கியாவது வீடு வந்து சேர்வோம். ரயில் பாதையை மாற்றும்போது மொத்தமாக மூடுகிறார்கள். பன்னிரண்டு வருஷம் மூடிக் கிடந்தாலும் ஏன் என்று எந்த ஊராட்சித் தலைவரும் கேட்க முடியாது.

சரி, காத்திருந்தது காத்திருந்தோம், வந்த ரயிலாவது நமக்காக வந்ததா? 2022-ல் தேனிக்கு விட்ட ஒரே ரயில் காலை எட்டரை மணிக்கு மதுரையில் கிளம்பித் தேனிக்கு வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேனியில் கிளம்பி மதுரைக்குப் போனது. தேனிக்காரர் ஒருவர் காலையில் மதுரை பெரியாஸ்பத்திரியில் டோக்கன் போட வேண்டும் என்றால்? முந்தின நாள் சாயங்காலமே ரயிலேறி, ராத்திரி மதுரையில் படுத்து, மறுநாள் டாக்டரைப் பார்த்து, அன்று ராத்திரியும் அங்கேயே தங்கி, மூன்றாம் நாள் காலையில் ஊர் திரும்ப வேண்டும். மதுரைக்காரர் வந்து நம் மலையைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவதற்குப் பிரமாதமான நேரம், மறுக்கவில்லை. அந்த நேரத்தை மாற்ற நாம் கோட்ட அலுவலகத்துக்கு எழுத வேண்டும், அவர்கள் சென்னைக்கு எழுத வேண்டும், அவர்கள் டெல்லிக்கு எழுத வேண்டும். பஸ் நேரத்தை மாற்ற வேண்டுமா? பத்துப் பேர் டெப்போ வாசலில் போய் நின்றால் போதும். கிளை மேலாளர் திட்டிக்கொண்டேதான் மாற்றுவார். ஆனால் மாற்றுவார்.

பணத்துக்கு வருவோம். மதுரை–தேனி 75 கிலோமீட்டருக்கு ஆன செலவு ஐந்நூறு கோடிக்கு மேல். கிலோமீட்டருக்கு ஆறரைக் கோடியைத் தாண்டுகிறது. அந்த ரயில் நடுவில் நின்ற ஊர்கள் வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி. ஒரு கிலோமீட்டர் ஊராட்சிச் சாலையைத் தரமான தார்ச்சாலையாக்க ஒரு கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதே பணத்தில் ஐந்நூறு கிலோமீட்டர். இரண்டிரண்டு கிலோமீட்டராக வெட்டிக் கொடுத்தால் இருநூற்றைம்பது ஊர்களுக்கு மெயின் ரோட்டிலிருந்து நல்ல வழி.

அந்த இரண்டு கிலோமீட்டரைப் பற்றித்தான் நான் பேச வந்ததே. எங்கள் அம்மாவுக்கு முப்பது சென்ட் மல்லிகை. விடிவதற்கு முன்னால், நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பார்கள். வெயில் ஏறினால் மொட்டு வாயைத் திறந்துவிடும். திறந்த பூவைச் சந்தையில் சீண்ட ஆள் கிடையாது. பறித்ததை ஈரத்துணியில் போட்டு மூட்டை கட்டினால், ஏழு மணிக்கு மெயின் ரோட்டு முக்குக்குக் குட்டியானை வரும். தோட்டத்திலிருந்து முக்குக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். வெயில் காலத்தில் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஐந்து நிமிஷம். மழை பெய்துவிட்டால் அந்த மண்பாதையில் வண்டியை உருட்டிக்கொண்டு அரைமணி நேரம். குட்டியானைக்காரர் பத்து நிமிஷம் பார்ப்பார். அவருக்கு இன்னும் நாலு முக்கு இருக்கிறது, போய்விடுவார். எங்கள் அம்மா ஒருநாள் தவறவிட்ட மூட்டையைத் திண்ணையில் பிரித்துக் கொட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அன்று எங்கள் தெரு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி வாசம். வீட்டுக்குள் போனால் அடுப்பு பற்றவைக்கவில்லை.

எதிரணி அக்கா கேட்டார்: "வேதாரண்யம் உப்பை ஏற்றிப்போக ரயில்தானே தோது?" உண்மைதான். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் பாதை 2023 ஏப்ரலில் திறந்தது, உப்புக்கு நல்ல காரியம்தான். உப்பு, சிமென்ட், நெல் மூட்டை, இந்த மாதிரி கெடாத கனத்த சரக்குக்கு ரயில்தான் ராஜா. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாத்தியிலிருந்து ஸ்டேஷனுக்கு உப்பு எப்படி வரும் அக்கா? லாரியில்தானே? அதே ஊரில் 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. தென்னையெல்லாம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. இளைஞர்கள் அரிவாளும் ரம்பமுமாக இறங்கி வெட்டி ஒதுக்க ஒதுக்க, அந்த வழியாகத்தான் அரிசியும் மெழுகுவத்தியும் தார்ப்பாயும் உள்ளே போயின. அன்றைக்கு அகத்தியம்பள்ளிக்கு ரயிலே கிடையாது. பாதை மாற்றத்துக்காக மூடிக் கிடந்தது.

அந்தப் பக்கத்துக் கதை இன்னொன்று. 2019 ஜூனில் திருவாரூர்–காரைக்குடி ரயிலை விட்டார்கள். பாதை தயார், பெட்டி தயார், கேட் கீப்பர்தான் போதவில்லை. அதனால் கேட் கீப்பரை ரயிலிலேயே ஏற்றிவிட்டார்கள்! கேட் வருவதற்கு முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கி கேட்டை மூடுவார். வண்டி தாண்டிப் போய் மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். இப்படியே ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல். சிரிக்கிறீர்கள். அதில் வேர்க்க விறுவிறுக்க ஏறி இறங்கியவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். கோடிக்கணக்கில் பாதை போட்ட பிறகும், அதை ஓட்ட வருஷா வருஷம் ஆளும் சம்பளமும் வேண்டும். அது இல்லாவிட்டால் தண்டவாளத்தில் துரு ஏறும், அவ்வளவுதான்.

விபத்தைச் சொன்னார்கள். அது கனமான வாதம், நான் நழுவப் போவதில்லை. நம் மாநிலத்தில் சாலையில் சாகிறவர்கள் அதிகம். ஆனால் நாங்கள் கேட்பது வெறும் தார் இல்லை. கிராமத்துப் பாதை மெயின் ரோட்டில் ஏறுகிற முக்கில் ஒரு விளக்கு, ஒரு வேகத்தடை, சைக்கிள்காரர் ஒதுங்க ஓரத்தில் நாலடி மண். மேம்பாடு என்பது அதுதான். பஸ்ஸில் கழிப்பறை இல்லை என்று அந்த அக்கா சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. நான்கு மணி நேரப் பயணத்தில் நம் பெண்கள் படும் பாடு எனக்கும் தெரியும்.

எட்டுவழிச் சாலையையும் இழுத்தார்கள். சேலம்–சென்னை 277 கிலோமீட்டர், விவசாயி கண்ணீர் என்றெல்லாம். ஐயா, அது கிராமத்துக்குப் போட நினைத்த சாலை இல்லை, கிராமத்தின் மேல் போட நினைத்த சாலை. அதை என் கணக்கில் எழுதாதீர்கள்.

டிக்கெட் மலிவு என்றார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆனால் அந்தப் பஸ் உங்கள் தெருமுனைக்கு வந்தால்தான் இலவசம். பள்ளமாகக் கிடக்கும் ரோட்டில் டிரைவர் வர மறுத்துவிட்டால், அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை.

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. இதற்குக் கை தட்ட வேண்டாம். 2023 மே மாதம், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலை. ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. உடலைத் திரும்ப ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், அதற்கு மேல் ரோடு இல்லையென்று பாதி வழியில் இறக்கிவிட்டது. மிச்ச தூரத்தைத் தாய் பிள்ளையைக் கையில் ஏந்தியபடி நடந்தார். அந்த மலைக்கு ரயில் கேட்க யாருக்கும் தோன்றாது. ஒரு ஆம்புலன்ஸ் ஏறும் அகலத்துக்கு வழி கேட்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அதோ, புளியமரத்தடியில் கடைசி டவுன் பஸ் நிற்கிறது. ஒன்பதே முக்காலுக்கு எடுக்க வேண்டிய வண்டி. பட்டிமன்றம் நடக்கிறதென்று கண்டக்டர் பத்து நிமிஷம் பொறுத்திருக்கிறார். எதிரணி அக்காவும் அதில்தான் ஊருக்குப் போக வேண்டும். அவர் விசில் அடிப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிறேன். வணக்கம்.