ஆலைக் கழிவுக்கு எதிராக ஓட்டு எங்கே வேலை செய்கிறது?

(திரையில்: ஒரு தேர்தல் அறிக்கை. 'சுற்றுச்சூழல் பாதுகாக்கப்படும்' என்ற வரி மட்டும் வட்டமிடப்படுகிறது.)

எந்தக் கட்சியின் அறிக்கையைப் புரட்டினாலும் இந்த வரி இருக்கும். காற்றைக் கெடுப்பேன் என்று சொல்லி யாரும் ஓட்டுக் கேட்பதில்லை. அதனால் இந்த வரியை வைத்துக்கொண்டு யாரையும் மடக்க முடியாது. யார், எந்தத் தீர்மானத்தில், எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டால்தான் பிடி கிடைக்கும்.

1970இல் அமெரிக்காவில் அதைச் செய்து பார்த்தார்கள். அந்த ஏப்ரல் 22 அன்று, சுற்றுச்சூழலைக் காக்கக் கோரும் முதல் புவி நாள் நடந்தது. ஊர்வலம் முடிந்ததும் கலைந்துபோகாமல், அதை ஏற்பாடு செய்தவர்கள் 'என்விரான்மென்டல் ஆக்‌ஷன்' என்ற அமைப்பாக நின்று, நாடாளுமன்ற உறுப்பினர்கள் 12 பேரின் பட்டியலை வெளியிட்டார்கள். பட்டியலின் பெயர் 'டர்ட்டி டஜன்', அதாவது 'அழுக்குப் பன்னிரண்டு'.

தேர்ந்தெடுத்த விதத்தில்தான் சாமர்த்தியம். சுற்றுச்சூழல் மசோதாக்களில் மோசமாக வாக்களித்திருப்பது மட்டும் போதாது. தோற்கக்கூடிய தொகுதியில் நிற்பவராகவும் இருக்க வேண்டும். அசைக்கவே முடியாதவரைத் திட்டித் தொண்டை வறண்டு என்ன பயன்?

(திரையில்: பால்டிமோர் நகர வரைபடம்.)

பட்டியலில் இருந்தவர்களில் ஒருவர் பால்டிமோரின் ஜார்ஜ் ஃபாலன். 1945 முதல் உறுப்பினர். கீழவையின் பொதுப்பணிக் குழுத் தலைவர். நெடுஞ்சாலைத் திட்டங்கள் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் சொந்தக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலிலேயே பால் சார்பேன்ஸ் என்ற இளைஞரிடம் தோற்றார். 12 பேரில் மொத்தம் 7 பேர் வீட்டுக்குப் போனார்கள். எல்லாம் இந்தப் பட்டியலின் வேலைதான் என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஒரு குழுத் தலைவரே கவிழ்ந்தால் மற்றவர்கள் கணக்குப் போடத் தொடங்குவார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று தூய காற்றுச் சட்டம் கையெழுத்தானது.

நாடாளுமன்றத்தில் போட்ட ஓட்டு பதிவேட்டில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு ஆலை விடும் வாயு எங்கே பதிவாகும்? அதிகாரி வருவதற்குள் காற்று திசை மாறிவிடும்.

(திரையில்: மூடியிட்ட பிளாஸ்டிக் வாளி, உள்ளே சுருங்கிக் கிடக்கும் பை.)

1990களில் கலிபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே வாழ்ந்தவர்கள் இந்த வாளியைக் கையில் எடுத்தார்கள். வாளிக்குள் இருக்கும் காற்றைச் சிறு பம்பு வெளியே இழுக்கிறது. உள்ளே அழுத்தம் குறைய, பை உப்பி, வெளிக்காற்றைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராம மக்களும் 2004இல் இதே வாளியால் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு நோட்டும் வேண்டும்: தேதி, நேரம், காற்றின் திசை, என்ன நாற்றம். 'அழுகிய முட்டை' என்று எழுதியிருந்தால், ஹைட்ரஜன் சல்பைடைத் தேடச் சொல்லி ஆய்வகத்திடம் கேட்கலாம்.

சரி, சான்றை யாரிடம் கொண்டுபோவது? டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கேரளத்தின் பிளாச்சிமடாவில் கொக்கோ கோலா ஆலை 2000இல் தொடங்கியது; உரிமம் கொடுத்தது பெருமாட்டி ஊராட்சி. கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதும் 2002இல் மக்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். பழங்குடிப் பெண் மயிலம்மா முன்னின்றார். 2003இல் அதே ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது; 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2005இல் உயர் நீதிமன்ற அமர்வு நிறுவனத்தின் பக்கம் சாய்ந்து, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் நிலத்தடி நீர் எடுக்கலாம் என்றது. ஆனாலும் ஆலை மீண்டும் முன்போல் ஓடவில்லை. வாசலில் மக்கள் இருந்தார்கள், உள்ளாட்சியும் பின்வாங்கவில்லை.

எல்லா ஊராட்சிக்கும் இவ்வளவு துணிவு வராது. வரிப்பணம் ஆலையிலிருந்து வரும்போது தலைவரின் பேனா தயங்கும்.

(திரையில்: மாசு கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையின் மாதிரி. காலாவதித் தேதி பெரிதாகிறது.)

தமிழ்நாட்டில் ஆலை இயங்க வேண்டுமானால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். எவ்வளவு கழிவுநீர் விடலாம், எந்தத் தேதிவரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் அந்த நகலை நீட்டி, "இது காலாவதியாகும் முன் சட்டமன்றத்தில் கேள்வி எழுப்புவீர்களா?" என்று கேளுங்கள். சுற்றுச்சூழலைப் பற்றிப் பொதுவாகப் பேசத் தொடங்கினால், தேதியைக் காட்டி மறுபடியும் கேளுங்கள்.